தட்டிப் பார்ப்பவர்

கவிழ்த்துப் போட்ட படகின் அடியைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டுகிறார் ஞானமுத்து. ஒரு சாண் நகர்ந்து மறுபடி தட்டுகிறார். 'டக்' என்றால் ஃபைபர் கெட்டி. 'பொத்' என்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது; அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார்.

ஏலாக்குறிச்சிக்காரர். கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் அவர் பெயர் 'போட் ஞானமுத்து'. டீக்கடை நாற்காலியைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் உட்காருவார். "தட்டுனா அதுவே சொல்லிரும். நாம காதக் குடுத்தாப் போதும்" என்பார்.

இது பழைய பாய்மரப் படகு. சென்னையில் ஏதோ படகு கிளப் கழித்துக்கட்டியதை என் நண்பர் கலைச்செல்வன் வாங்கி, கொள்ளிடம் தேங்கி நிற்கும் அணைக்கரைப் பக்கம் லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். போன வாரம் ஞானமுத்து முழுக்கத் தட்டிப் பார்த்து, "தாராளமா இறக்குங்க தம்பி" என்றார். ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வன் தன் சின்ன மகள் ஆர்த்தியை ஏற்றிக்கொண்டு போனார். காற்று பிடித்ததும் பாய்மரத்தின் அடி உள்ளே அழுந்தி, படகின் அடி விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறியது. பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர் பிள்ளையைத் தூக்கிக் கரை சேர்த்தார்.

மிச்சப் படகாவது தேறுமா என்று பார்க்கத்தான் ஞானமுத்து இன்று வந்திருக்கிறார். விரிசலை ஒட்டித் தட்டினார். தள்ளி நின்ற எனக்கே 'பொத்' என்று கேட்டது. அவர் வட்டம் போடாமல் நகர்ந்தார்.

"அண்ணே, அங்கதானே போயிருக்கு" என்றார் இடப்பக்கம் நின்ற கலைச்செல்வன். ஞானமுத்து திரும்பவில்லை. இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிமிர்ந்தார். நாங்கள் இருவரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் முகம் சுருங்கிப்போனது. சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இடது காது போயிருச்சு தம்பி. வலதும் அரகொறதான். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. சொன்னா அப்பறம் யாரு கூப்புடுவா?" சாக்பீஸையும் அதன் பக்கத்தில் வைத்தார். "புள்ளைய ஏத்துவீங்கன்னு தெரியும். தெரிஞ்சுந்தான் சரின்னேன்."

கலைச்செல்வன் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஆற்றைப் பார்த்தபடி, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல மெதுவாக, "அதுக்கு நீச்சல் தெரியாதுண்ணே" என்றார்.

உதடு அசைந்தது மட்டும்தான் ஞானமுத்துவுக்குத் தெரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றிருக்கலாம். அவர் படகைச் சுற்றிக்கொண்டு கலைச்செல்வனின் முன்னால் வந்து நின்றார். வலது காதின் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக் குனிந்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி."