சட்டைப்பையில் வந்த கம்ப்யூட்டர் உயிர்

மன்றத்து அறிவிப்புப் பலகையைப் படிக்கும் மகாஜனங்களே! இன்று உங்கள் மாமா ஒரு கம்ப்யூட்டரைச் சாவிலிருந்து எழுப்பினார்.

எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் டிஸ்க், மலை ஈரத்தில் பூசணம் பிடித்துச் செத்துவிட்டது. மதியம் எஸ்டேட் மேனேஜர் துரை பார்க்க வருகிறார். ஓடாவிட்டால் பெட்டியைக் கோலாலம்பூருக்கே திருப்பி அனுப்பிவிடுவாராம். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சுப்பையாவின் முகம் கருகிய தேயிலைக் கொழுந்தாக இருந்தது.

என் சட்டைப்பையிலோ ஒரு டிஸ்க். திரிங்காப் ஊர்க் காய்கறி முதலாளியின் கம்ப்யூட்டரில் நானே தயாரித்தது. எங்கே செருகினாலும் எழுப்பிவிடும். எமனே அதைப் பார்த்தால் வேலையை விட்டுவிடுவான்.

"அண்ணே, இது வேற கம்பெனி பெட்டி லா. ஒத்துக்குமா?"

"செருகுடா. மலையே எழுந்து நடக்கும்!"

சுப்பையா செருகினான். கர்ர்ரென்று சத்தம். திரையில் பச்சை எழுத்து! நாங்கள் தட்டிய கைதட்டலில் கம்போங் ராஜா ஊர்த் தோட்டங்களில் முட்டைக்கோசுகள் உருண்டிருக்கும்.

வெற்றிக் களைப்பில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். டிஸ்க்கை வெளியே எடுத்து, உள்தகடு தெரியும் இடத்திலேயே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தான் சுப்பையா.

"அடப்பாவி, என்னடா இது?"

"உயிர் குடுத்த சாமிண்ணே. சும்மா வைக்கலாமா?"

டிஸ்க் போச்சு. நல்லவேளை, ஒருமுறை எழுந்த கம்ப்யூட்டர் அணைக்கும்வரை விழித்திருக்கும். துரை வந்தார், பார்த்தார், "வெரி குட்" என்றார். பெட்டி தங்கிவிட்டது.

இப்போது யாரும் சுவிட்சைத் தொடாதபடி சுப்பையா நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறான். கரண்டு போவதற்குள் திரிங்காப்புக்கு லோரி ஏறி இன்னொரு டிஸ்க் எடுத்துவரப்போகும் மாவீரர் யார்? கீழே பெயர் எழுதுங்கள், பென்சில் கட்டித் தொங்குகிறது.