செவ்வாய்க்கிழமை பூட்டிய குகை

கோவில்பட்டியிலிருந்து வடக்கே தீப்பெட்டி லோடு கொண்டுபோகும் டிரைவர்களில் சுடலைமணி அண்ணாச்சியைப் போல வாய் ஓயாத ஆள் கிடையாது. அது அவர் மனைவி, எங்கள் மதினி பேச்சித்தாய் இருந்தவரைக்கும். இப்போது டீக்கடையில் "சீனி கம்மி" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடுகிறது.

மதினி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைத்தவர். அந்தப் பெட்டியின் லேபிளில் ஒரு கல்யானை. "எல்லோரா குகையில நிக்குத ஆனை. நான் போற வழிதான்" என்று அண்ணாச்சி ஒருநாள் வாயை விட்டார். அன்றிலிருந்து நச்சரிப்புதான். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு நடை கூட்டிப்போனார். தீப்பெட்டி லோடு இருக்கும்போது டிரைவர் வண்டியை விட்டு நகரக்கூடாது. அதனால் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், திங்கட்கிழமை மதியம் குகைப் பக்கம் வந்தார்கள். அன்றைக்கே உள்ளே போக மதினிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமி இருக்க இடம். நாளைக்குச் செவ்வாக்கெழம. தலைக்குக் குளிச்சிட்டுப் போவோம்."

மறுநாள் மஞ்சள் பூசிக் குளித்துப் போனால், கதவு பூட்டியிருந்தது. அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறையாம்.

"கோயிலுக்குப் போயி லீவு விடுவாவளா? அதும் செவ்வாக்கெழம!" என்று கேட்டுவிட்டு மதினியே சிரித்துவிட்டார். அடுத்த நடை பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர் திரும்பினார்கள். அதற்குள் மஞ்சள்காமாலை மதினியைக் கொண்டுபோய்விட்டது.

மதினி கையால் அடைத்த பெட்டி ஒன்று லாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு குச்சியைக்கூட அண்ணாச்சி உரசியதில்லை.

போன மாதம் வண்டி காலியாகத் திரும்பும்போது, புதன்கிழமையாகப் பார்த்து அங்கே இறங்கினார். பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மதினிக்குக் காட்டத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

வாசலில் காவலாளி பெட்டியைப் பிடித்துவிட்டார். தீப்பெட்டி உள்ளே ஆகாது. அண்ணாச்சி லாரி இந்தியில் கெஞ்சினார், லேபிளைக் காட்டினார். காவலாளி நல்ல மனுஷன்தான். குச்சியைக் குப்பையில் கொட்டிவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டுபோ என்றார்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்தார். மருந்துத்தலையெல்லாம் ஒரே பக்கமாக, மதினி அடுக்கினபடியே இருந்தது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவருக்குக் கை வரவில்லை. பெட்டியை லாரியில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவள் பார்க்காத யானையைத் தான் மட்டும் பார்த்து என்ன செய்வது என்று தோன்றிவிட்டது.

லாரியில் ஏறிப் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தார். குகை வாசலின் திறந்த கதவு வழியாகக் கூட்டம் உள்ளே போகிற சத்தம் அங்கேவரை கேட்டது.

பெட்டியைப் பார்த்து, "இன்னைக்கும் லீவாம்ட்டி" என்றார்.