சுடாத துவக்குகளின் ஸலீம் நானா

ஸலீம் நானாவின் மருமகன் அழைத்தபோது நான் தம்புள்ளைச் சந்தையில், ஒரு படப்பிடிப்புக்காகப் பழைய சாக்குகள் தேடிக்கொண்டிருந்தேன். "மாமா காலையில மவுத்தாகிட்டாங்க. அஸர் தொழுகையோட அடக்கம்" என்றார். சரி என்றேன். பிறகு கிழியாத சாக்குகளாகப் பொறுக்கி, எல்லாவற்றையும் வேனில் ஏற்றிவிட்டுத்தான் மாத்தளைக்குப் புறப்பட்டேன். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

மாத்தளை நகரில் அவரைப் பலருக்கும் ஹார்ட்வேர் கடைக்காரராகத்தான் தெரியும். நாடகக்காரர்களான நமக்கு அவர் துவக்குக்காரர். வெள்ளைக்காரர் காலத்துக் கலகத்தைப் பள்ளி மைதானத்தில் நடித்துக் காட்டுவதென்றாலும், தொலைக்காட்சி நாடகத்துக்குப் பத்துச் சிப்பாய்கள் வேண்டுமென்றாலும் சுடாத துவக்குகளுக்கு அவரிடம்தான் போவோம். கொழும்பில் கிடைக்கும் பிளாஸ்டிக் துவக்குகளை அவர் தொடமாட்டார். ரத்தோட்டையில் ஒரு தச்சரைப் பிடித்து மரத்தில் செய்வித்து, குழாய்க்குப் பதில் ஓட்டையில்லாத இரும்புக் கம்பியைப் பொருத்தி, எடையும் சரிபார்த்துத் தருவார். "லேசா இருந்தா தோள் பொய் சொல்லும், செல்வம்" என்பார். ஒருமுறை கதாநாயகன் கை வலிக்கிறது என்று முறையிட்டபோது, சிப்பாய்க்கும் வலித்திருக்கும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

பொலிஸ் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு துவக்கும் கடையை விட்டு வெளியேறாது. அதற்கு மேலும் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. படப்பிடிப்பு நடக்கும் ஊருக்கு முந்தின நாளே போய், வீடு வீடாக ஏறி, ஒரு துவக்கை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொல்வார். ஓட்டுக் கேட்கவா போகிறீர்கள் நானா என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. "நமக்குத்தான் அது மரம். பாக்கிறவங்களுக்குத் துவக்கு துவக்குதான்" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் லக்கலையில் ஒரு படப்பிடிப்பு. அங்கே வீடுகள் தூரம் தூரமாக இருக்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கத்தை நானா எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஐந்து வீடுகள், அவற்றை என்னிடம் விட்டார். நான்கு வீடுகளுக்குப் போனேன். ஐந்தாவது, காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்கு அப்பால் மேட்டில் இருந்தது. யானை இறங்கும் நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். உண்மையில் சோம்பல். நானா கேட்டபோது எல்லா வீட்டுக்கும் போனேன் என்றேன்.

மறுநாள் சீருடையில் இருந்த ஆறு நடிகர்கள், கையில் துவக்கோடு, தண்ணீர் கேட்டு அந்த ஐந்தாவது வீட்டுக்குப் போனார்கள். அங்கே தனியாக இருந்தவர் வயதான ஒரு சிங்களப் பெண்மணி. கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று இளைஞர்களைப் பிடித்துப்போன அந்தக் கெட்ட வருடங்களில் அவருடைய மகனைச் சீருடைக்காரர்கள் வீட்டிலிருந்தே கூட்டிப் போயிருந்தார்கள். மகன் திரும்பவே இல்லை. நடிகர்களைக் கண்டு அவர் ஓடவில்லை, கத்தவும் இல்லை. முன்னால் நின்றவனின் துவக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் மகனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். செய்தி கேட்டு நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோதும் பிடியை விடவில்லை. நானா அவர் காலடியில் மண்ணில் உட்கார்ந்து சிங்களத்தில் சொன்னார்: "அம்மே, இது மரம். நாங்க நாடகக்காரங்க. முன்னாடியே வந்து சொல்ல வேண்டியவன் நான்தான். மறந்துட்டேன்."

பொலிஸாரிடமும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு அவருக்குக் கடிதம் கிடைக்கவில்லை. துவக்குத் தொழில் அத்தோடு நின்றது. அன்று வேனில் திரும்பும்போது, "நீ போகல்லதானே?" என்று மெதுவாகக் கேட்டார். போகவில்லை என்றேன். எனக்குக் கடை இருக்கிறது, உனக்கு இது ஒன்றுதான் பிழைப்பு, வாயைத் திறக்காதே என்றார். நான் ஒத்துக்கொண்டேன். ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

அவர் கவனமில்லாத மனிதர் என்று உங்களில் பலர் பேசினீர்கள். நானும் அங்கே நின்று தலையாட்டியிருக்கிறேன். அடக்கம் முடிந்த வீட்டில் மருமகனும் அதைத்தான் சொன்னார்: "எல்லாத்துலயும் கவனமான ஆள். லக்கலயில மட்டும் எப்பிடி மறந்தாங்கன்னு தெரியல." அப்போதும் நான் பேசாமல் இருந்தேன்.

நினைவாக ஒரு துவக்கை எடுத்துப் போங்கள் என்று மருமகன் அலுமாரியைத் திறந்து காட்டினார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஸலீம் நானா எதையும் மறக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போகாதவன் நான். இத்தனை வருடம் அவர் தன் பெயரில் வைத்திருந்த அந்தத் தவறை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.