பூட்டுக்காரன் வீட்டுக் கதவு

ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அச்சு அசலாக நடந்தது என்றுதான் இரும்புக்கடைக்காரரிடம் ஆரம்பித்தேன். பக்கத்துக் கடைத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, கதையில் வரும் மீசையின் நீளத்தை மட்டும் கொஞ்சம் கூட்டியிருப்பேன் என்று ஒப்புக்கொண்டேன்.

இரும்புக்கடைக்காரர் ஒரு சோப்புக் கட்டியோடு வந்திருந்தார். அதில் அவர் மனைவியின் அறைச் சாவி அழுந்திய தடம். மனைவிக்குத் தெரியாமல் டூப்ளிகேட் வேண்டுமாம். இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். சொல்லச் சொன்னதே என் வீட்டுக்காரிதான்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். வீட்டில் கண்ணை மூடமாட்டாள். நான் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே ஒரு முழம் எகிறுவாள். பிரஷர் பார்க்கப் போனால், கருவியின் முள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்போல ஏறும். மதியம் தூங்கியே ஆகவேண்டும், இப்படியே போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

அவள் தூங்கினாள். என் வீட்டில் இல்லை, தையல்காரம்மாவின் பின்னறையில். சாப்பிட்டதும் அங்கே போய் உள்ளே பூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம். திரும்பி வரும்போது முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி பளபளக்கும். எனக்கு வயிறு எரியும். என் மெத்தையில் வராத தூக்கம் அந்தத் துணி மூட்டை மேல் எப்படி வருகிறது?

அந்தக் கடையில் இஸ்திரி போட ஒரு மீசைக்காரர் இருந்தார். மீசை என்றால், முனைக்கு ஒரு சட்டை காயப்போடலாம். அவர் இருமினால்கூட என் காதில் அவளுக்குப் பாட்டுப் பாடுகிற மாதிரி விழுந்தது. நானும் மீசை வளர்த்துப் பார்த்தேன். எலி கடித்த பிரஷ் மாதிரி வந்தது.

ஒரு மதியம் இஸ்திரி மேசையில் மீசையைக் காணோம். நேரே பின்னறைக்குப் போய்ப் பூட்டுக்குள் கம்பியை விட்டேன். கொசு இறக்கை மடக்கும் நேரம்கூட ஆகவில்லை. கதவு சத்தமில்லாமல் திறந்தது.

உள்ளே என் வீட்டுக்காரி மட்டும். கதவு தானாகத் திறப்பதைப் பார்த்துச் சுவரோடு ஒட்டி, வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளையின் குரலில் சொன்னாள்:

“சத்தம் போடமாட்டேன் சித்தப்பா.”

இந்த இடத்தில் நான் எதையும் கூட்டுவதில்லை.

அன்றைக்கே வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வலியை மருந்தால் நிறுத்திப் படுக்க வைத்தார்கள். அங்கேதான் அவள் சொன்னாள்: சின்ன வயதில், பெற்றவர்கள் வேலைக்குப் போன மதியங்களில் சித்தப்பா அவள் அறைக்கு வருவாராம். அவரிடம் ஒரு சாவி இருந்ததாம். கல்யாணமான மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: படுக்கையறைக்கு ஒரு பூட்டு. ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுகிறவன், நாளைக்கு நாளைக்கு என்று சிரித்து மழுப்பியிருக்கிறேன்.

நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சின்ன வயசுல பட்டதை உடம்பு லேசுல மறக்காது தம்பி. புள்ள உண்டானதும் சில பேருக்கு எல்லாம் திரும்பக் கிளம்பும். தூக்கம் போகும், பிரஷர் ஏறும். மாத்திரை நாங்க தர்றோம். பயமில்லாத ஒரு கதவை நீங்க குடுங்க.”

நேரே வீட்டுக்குப் போய் உள்ளேயிருந்து பூட்டும் பூட்டு மாட்டினேன். ஒரே சாவி. அதை அவள் கையில் வைத்தேன். மகள் ஒரு மாதம் முந்திப் பிறந்தாள், என் செருப்பைவிட இரண்டு விரல் நீளம். இப்போது அழுதால் மூன்றாவது தெருவில் தகரம் பறக்கும். மதியம் தாயும் மகளும் பூட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். நான் தட்டிவிட்டு வெளியே நிற்கிறேன். மீசைக்காரர் மேல் இருந்த பொறாமையெல்லாம் இப்போது மகள் மேல்.

“கதை நல்லாத்தான் இருக்கு,” என்றார் இரும்புக்கடைக்காரர். “என் பொண்டாட்டி புள்ளத்தாச்சி இல்லையே. சாவியப் போடு.”

“அவங்க எதுக்குப் பூட்டுறாங்கன்னு என்னிக்காவது கேட்டீங்களா?” என்றார் தையல்காரம்மா.

“என் வீட்டுக் கதவுக்கு நான் யாரைக் கேக்கணும்?”

“அப்ப கேட்டுட்டு வாங்க,” என்று மீசைக்காரர் அந்தச் சோப்பை எடுத்துத் தன் தண்ணீர் வாளியில் போட்டார். இரும்புக்கடைக்காரர் பாய்ந்து அவர் மீசையைப் பிடித்தார். தையல்காரம்மா துணி அளக்கும் கோலோடு எழுந்தார். நடுவில் நான். இரும்புக்கடைக்காரர் கையில் இரண்டு சுற்று வந்தது அந்த மீசை. நீளத்தைக் கூட்டிச் சொன்னதாக முதலிலேயே அவசரப்பட்டு ஒப்புக்கொண்டுவிட்டேன்.