செல்வியின் மாவு

மகள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். “இந்த நட்சத்திரக் கொத்து நம்ம பால்வீதியோடது இல்லம்மா. நம்மள சுத்துற சின்ன கெலக்ஸியோடது. அத நம்ம பால்வீதி விழுங்கிக்கிட்டு இருக்கு.”

கறுப்பில் கொட்டிய கோதுமை மாவு போலிருந்தது.

நான் சிறுமியாயிருந்தபோது, ஹாலிஎல தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு, மூடிப்போன சின்னத் தோட்டமொன்றிலிருந்து செல்வி வீட்டார் வந்திருந்தார்கள். மலைநீர் கொட்டும் பீலியில் நாங்கள் பிடித்த பிறகுதான் அவர்களுக்குத் தண்ணீர். கடையிலிருந்து மாவோடு வந்த செல்வி, தாகத்தில் முந்திக் கையேந்தினாள்.

“நேத்து வந்தவளுக்கு என்னா அவசரம்? தள்ளிவிடுடி,” என்றாள் என் அம்மா.

தள்ளினேன். மாவு சேற்றில் கொட்டியது. சேறு படாத மேல்மாவைச் செல்வி பாவாடையில் அள்ளத் தொடங்கினாள். நான் அதன்மேல் காலை வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

“அழகா இருக்குல்லம்மா?” என்றாள் மகள்.

நாற்காலிக்கடியில் காலை இழுத்துக்கொண்டேன்.