டாக்டர் தவமணியும் வலிக்காத நோயாளிகளும்

நீண்ட விவாதத்துக்குப் பின், அறுவை அரங்கின் தேநீர் அறைக்கு இனிமேல் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் உப்பு பிஸ்கட் வாங்குவது என்று எங்கள் பிரிவு சென்ற வாரம் ஏகமனதாக முடிவெடுத்தது. வழிமொழிந்த தாதி உட்காரும் முன்பே கைபேசியில் செய்தி வந்தது. டாக்டர் தவமணி காலமானார்.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் நட்பு விநோதமாகத் தெரிந்திருக்கும். நான் மயக்க மருத்துவர். அவரோ கை அறுவை மருத்துவர்; நோயாளியை மயக்காமல், கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, பேசிக்கொண்டே அறுத்துத் தைத்தவர். அதாவது, நான் தேவையில்லை என்பதை வாரந்தோறும் நிரூபித்தவர். "நீங்க சும்மா வந்து உட்காருங்க டாக்டர், பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்" என்பார். ரெங்கம் ஊரில் டுரியான் பழமரம் பூத்துவிட்டதா என்று ஒருவரை விசாரித்தபடியே அந்த நோயாளியின் மணிக்கட்டில் அழுந்திக் கிடந்த நரம்பை விடுவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

"அறுக்கும்போது வலிக்காம இருக்கிறது பெரிய விஷயமில்ல. வீட்டுக்குப் போய் என்ன பாடு படுறாங்க, அதுதான் என் கவலை" என்றார் ஒருநாள். அதற்காகவே கையை மரத்துப்போகச் செய்யும் இரண்டு மருந்துகளை ஒப்பிடத் தொடங்கினார். லிக்னோகேய்ன் சில மணி நேரத்தில் விலகிவிடும். புபிவகேய்ன் நெடுநேரம் நிற்கும். கையும் அதுவரை உணர்வின்றிக் கிடக்கும். மறுநாள் ஒவ்வொருவரையும் அவரே தொலைபேசியில் அழைத்து வலியைப் பற்றிக் கேட்டார். எல்லாரும் சொன்னது ஒன்றே: "பரவால்ல டாக்டர்." உலகில் மற்ற எல்லா இடத்திலும் கை அறுவைக்குப் பின் வலி இருந்தது, ஜொகூர் தமிழர்களுக்கு மட்டும் இல்லை. இரண்டும் சமம் என்றால் நீண்ட நேர மருந்து எதற்கு, நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு அவர் ஏறத்தாழ வந்துவிட்டார்.

அப்போதுதான் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் மாரிமுத்து, மனைவி சரசாவுடன் தையல் பிரிக்க வந்தார். "உங்களுக்குத்தான் வலியே இல்லையே" என்றார் டாக்டர்.

"அலமாக், அட கடவுளே, வலி இல்லன்னாரா?" என்றார் சரசா. "ஊசி வேகம் போனதும் கையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாரு டாக்டர். என்னையும் தூங்க விடல."

மாரிமுத்து தரையைப் பார்த்தார். "நீங்களே போன் பண்ணி அக்கறையா கேக்குறீங்க டாக்டரம்மா. வலிக்குதுன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமில்ல."

"இனி உங்ககிட்ட கேக்கல ஐயா. அம்மா, உங்க நம்பரைக் குடுங்க."

அன்றிலிருந்து கேள்வி வீட்டாருக்குப் போனது. நீண்ட நேர மருந்து பெற்றவர்களின் வீடுகளில் எல்லாரும் தூங்கியிருந்தார்கள். மற்ற வீடுகளில் நாய்கூடத் தூங்கவில்லை. அதன்பின் இரண்டு மருந்தையும் வைத்துக்கொண்டார். மறுநாள் மோட்டார் சைக்கிள் ஓட்டியே ஆகவேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எந்த ஊசி என்று முடிவு செய்வார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். நோயாளியிடம் கேட்டுவிட்டு, உடன் வந்தவரிடமும் கேட்கிறேன்.

சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனேன். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. வலி எப்படி இருக்கிறது என்றேன்.

"பரவால்ல லா டாக்டர். நீங்க சாப்பிட்டீங்களா?"

வெளியே வந்து அவருடைய கணவரிடம் கேட்டேன். அன்று மாலை மார்ஃபின் அளவைக் கூட்டினார்கள்.