திங்கட்கிழமைப் பட்டியலில் தினேஷ்

படிக்க வராதவர்களைப் போனில் துரத்துவதுதான் எங்கள் தொழில். பிளஸ் டூ பாஸ் பண்ணியும் கல்லூரிப் பக்கம் போகாத பிள்ளைகள், போய்ப் பாதியில் நின்றவர்கள், இவர்கள் பெயரெல்லாம் பட்டியலாக அரசாங்கத்திடமிருந்து வரும். திருவள்ளூரில் ஒரு அறை, நாலு போன், சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. நான் தினமும் வேப்பம்பட்டில் லோக்கல் ரயில் பிடித்து வந்து உட்கார்ந்து, "ஏம்பா படிக்கலை?" என்று ஊரையே கேட்பேன். கடன் வசூல், காப்பீடு, கிரெடிட் கார்டு என்று போனில் பேசிப் பிழைக்கிறவர்களே, நீங்கள் வாங்குகிற திட்டையெல்லாம் நாங்களும் வாங்குகிறோம். கூடவே எங்களுக்கு வேறு சிலதும் நடக்கிறது. அதைச் சொல்லத்தான் இது.

யார் பேசுகிறது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். கடம்பத்தூர் பக்கம் ஒரு அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருடைய மகள் வணிகவியலில் நல்ல மதிப்பெண், எங்கும் விண்ணப்பிக்கவில்லை. நம்பிக்கை வரட்டுமே என்று பட்டியலில் இருந்ததை வரிசையாகப் படித்தேன். மகள் பெயர், பள்ளி, அம்மா படித்தது ஐந்தாவது, அப்பா படித்தது எட்டாவது, வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

அந்தப் பக்கம் கதவைத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. ஜன்னலையும் சாத்தினார். பிறகு ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார்: "எங்க ஊட்டு சமாச்சாரம் எங்களுக்கே இவ்ளோ தெரியாது. எங்கேர்ந்தும்மா பாத்துக்கினு இருக்க?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்

போனில் கிடைக்காதவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு வார்ப்பாலை வாசலில், மத்தியானம் ஷிப்டு மாறுகிற நேரத்தில் போய் நின்றேன். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரத் தகுதியுள்ள பையன் ஒருவன் உள்ளே வேலை செய்வதாகத் தகவல். சங்கு ஊதியது. சாம்பல் நிறத் தூசி படிந்த சட்டை, சாம்பல் நிற முகம், கண் மட்டும் தெரிகிற மாதிரி கட்டிய துணி, அப்படியே நூறு பேர் வந்தார்கள். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தமும் இல்லை.

தொண்டை வலிக்க அவன் பெயரைக் கூப்பிட்டேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அவன் நிச்சயம் என்னைத் தாண்டித்தான் போயிருக்கிறான். வாசல் காவலாளி பரிதாபப்பட்டுச் சொன்னார்: "பேரு சொன்னா திரும்ப மாட்டாங்க மேடம். டோக்கன் நம்பர் இன்னான்னு சொல்லுங்க."

குளித்துக்கொண்டிருக்கிறான்

தினேஷ் என் பட்டியலில் வந்தது இந்தச் சமயத்தில்தான். கும்மிடிப்பூண்டிப் பையன். என்ஜினீயரிங் சேர்ந்து ஒரு மாதத்தில் நின்றுவிட்டான். கல்லூரியில் "நீண்ட நாள் வரவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அவன் நம்பருக்குப் போன் போட்டால் ஒரு அம்மா எடுப்பார். நான் பெயரைச் சொன்னதுமே பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். காலையில் போட்டாலும் அதே சத்தம், மூன்று மணிக்குப் போட்டாலும் அதே சத்தம்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் விஷயம் முடிவாகாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெயர் மறுபடி பட்டியலில் வரும். தினேஷ் ஆறு திங்கட்கிழமை வந்தான். ஆறு தடவையும் அந்த அம்மா, கொஞ்சம் சந்தோஷமாகவே, ஒரே பதிலைச் சொன்னார்: "குளிச்சிக்கினு இருக்கான் மேடம். வந்ததும் சொல்றேன்."

தகரக் கதவு

எனக்குப் பொறுமை குறைவு. இத்தனை நாள் குளிக்கிற பிள்ளையைப் பார்த்துவிடுவது என்று நேரிலேயே போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடு. தினேஷின் அம்மா செல்வி ஒரு கம்பெனி கேன்டீனில் ராத்திரி ஷிப்டில் சமைக்கிறவர். வாய் நிறையச் சிரித்து, நாற்காலி போட்டு, டீ கொடுத்தார். மேஜையில் ஒரு போன் சார்ஜில் இருந்தது. பின்பக்கம் குளியலறைத் தகரக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "இதோ வந்துடுவான்" என்றார். டீ ஆறியது. தண்ணீர் நிற்கவில்லை.

திடீரென்று நின்றது. கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்தாள். நனையவே இல்லை. "பக்கெட்டு ரொம்பிடுச்சிம்மா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலை குனிந்தாள். தினேஷின் தங்கை ஜனனி, அந்த வருடம் பிளஸ் டூ. பஸ் ஸ்டாப் வரை என்னோடு வந்தாள். பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள்: "அண்ணன் செத்து ரெண்டு வருசம் ஆவுது மேடம். காலேஜுக்குப் போறப்ப டிரெயின்லேர்ந்து வுழுந்துட்டான். அன்னிக்கு லேட்டாச்சி, குளிக்காமயே ஓடுன்னு அம்மாதான் வெரட்டுச்சி. இப்ப அவன் பேர்ல போன் வந்தா உடனே கொழாய தொறந்து வுட்டுடும்."

ஐந்து கட்டங்கள்

திரும்பி வந்து கம்ப்யூட்டரில் தினேஷைத் திறந்தேன். நாங்கள் ஐந்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சேர்ந்தார், வேலைக்குப் போகிறார், திருமணம் ஆகிவிட்டது, விருப்பமில்லை, மீண்டும் அழைக்கவும். இறந்தார் என்று ஒரு கட்டம் கிடையாது. பதினெட்டு வயதுப் பட்டியலுக்கு அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அந்த அம்மாவின் சிரிப்பு கண்ணிலேயே நின்றது. பக்கத்து மேஜை லோகநாதன் சார், எங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பட்டியல்ல இருக்கறவரைக்கும் எல்லாரும் உசுரோடதான் மேடம். மீண்டும் அழைக்கவும்னு போட்டுட்டு டீக்கு வாங்க."

முதல் பட்டதாரி

போட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. ஜனனிக்கு அரசு என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிற பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் தருவார்கள். ஜனனியின் மனு திரும்பி வந்துவிட்டது. அண்ணன் பெயரில் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, அவர் படிப்பைத் தொடர வாய்ப்பு இருக்கிறது என்று காரணம் எழுதியிருந்தது. எங்கிருந்து எடுத்தார்கள்? என் பட்டியலிலிருந்துதான். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் இல்லாவிட்டால் இடம் போய்விடும். ஜனனி பேக்கிங் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

இறப்புச் சான்றிதழை வைத்தால் போதும். வியாழக்கிழமை காலை அம்மாவும் மகளும் திருவள்ளூருக்கு வந்தார்கள். செல்வி மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. சான்றிதழ் அதற்குள்தான் இருக்கிறது என்று ஜனனி கண்ணாலேயே காட்டினாள். ஆனால் அந்த அம்மா ஃபைலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். "தப்பு என்னுடையதுதாம்மா, உங்க மனசு நோகக் கூடாதுன்னு அவன் பேரை விட்டுவெச்சேன், இப்ப எடுத்தாகணும்" என்று கெஞ்சினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. நிதானமாகக் கேட்டார்: "எடுத்துட்டா அப்பறம் எம்புள்ளைய கேட்டுக்கினு யாரு மேடம் போன் பண்ணுவாங்க?"

ஒரு போன்

"நான் பண்றேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. செல்வி ஃபைலைத் திறந்து அடியிலிருந்த காகிதத்தை எடுத்து, அதைப் பார்க்காமலே மேஜைமேல் வைத்தார். லோகநாதன் சார் டீக்குக்கூடப் போகாமல் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மேலதிகாரியிடம் சொல்லிப் பட்டியலிலிருந்து தினேஷ் பெயரை எடுக்க வைத்தார். நான் தாலுகா ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டு நச்சரித்தேன். மூன்று மணிக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வந்தது. ஜனனி அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அம்மா தோளில் சாய்ந்தாள்.

"அப்ப இப்பவே அவனுக்கு ஒரு போன் போடுங்க. தங்கச்சிக்கு சீட்டு ஆயிடுச்சின்னு சொல்லுங்க" என்றார் செல்வி. தினேஷின் போன் எங்கே என்று ஜனனியிடம் கேட்டேன். வீட்டில் சார்ஜில் இருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது, அப்பா ரோலிங் மில்லில் ஷிப்டில் இருக்கிறார், சாவி இதோ என்று காட்டினாள். சரி, ரிங் போய்த் தானாக நின்றுவிடும், அந்த அம்மா மனசும் ஆறும் என்று நம்பரைப் போட்டேன். நாலு ரிங் போனது. ஐந்தாவதில் யாரோ எடுத்தார்கள். ஹலோ என்று வரவில்லை. பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. சொல்ல வேண்டியதை எப்படியோ சொன்னேன். தண்ணீர் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு அமைதி. பிறகு மறுபடியும் விழ ஆரம்பித்தது. போனை வைத்தேன். ஜனனி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். செல்வி மட்டும் ஃபைலை மூடியபடி, பக்கத்து வீட்டு விஷயம் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்: "இன்னா மேடம், குளிச்சிக்கினு இருக்கானா?"

இத்தனை பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கல்லூரியில் சேர்த்திருக்கிறேன், சேர்ந்த பிறகு ஒருவரும் என் போனை எடுப்பதில்லை, திங்கட்கிழமை தவறாமல் எடுக்கிற ஒரே ஆள் பட்டியலிலேயே இல்லாத தினேஷ்தான்.